பல வேலை தெரிந்தவரை எந்தச் சொல்லால் எழுதுவது? மடல் முதல் பதாகை வரை ஒரு முழு வழிகாட்டி

நீலகிரியில் பாராட்டு மடல் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு சொல்லைக் கையோடு கொண்டுவருகிறார்கள்: பன்முகத் திறமையாளர். பணி ஓய்வு பெறும் தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், பொன்னாடை வாங்கப்போகும் ஆசிரியை, ஊர்த்தலைவர், காலமாகிவிட்ட மாமா என எல்லோருமே பன்முகத் திறமையாளர்கள்தாம். சொல்லில் பிழை ஒன்றும் இல்லை. படிக்கிறவருக்கு அதில் ஆள்தான் தெரிவதில்லை. பெயரை மட்டும் மாற்றி அதே மடலை அடுத்த வாரம் இன்னொருவருக்கு வாசிக்கலாம், வாசிக்கவும் செய்கிறார்கள்.

இந்த மலையில் பல வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை, மலை அப்படி ஆக்கிவிடுகிறது. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கீழேயிருந்து மெக்கானிக்கும் வர மாட்டார், உதிரிப் பாகமும் வராது. மோட்டாரை யாராவது பிரித்தாக வேண்டும். பிரித்தவரே அடுத்த நாள் கூரைத் தகரத்தை மாற்றுகிறார், அதற்கடுத்த நாள் வாடகை ஜீப் ஓட்டுகிறார். இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஒரு பத்தியாவது உருப்படியாக எழுத விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. பாராட்டு மடல், மேடை அறிமுகம், வேலை விண்ணப்பம், கண்ணீர் அஞ்சலி, பதாகை எதுவானாலும் படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் படி: சொல்லைத் தேடாதீர்கள், செய்ததை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து அவர் என்னென்ன செய்வார் என்று வினைச்சொற்களாக எழுதுங்கள். ‘திறமை மிக்கவர்’, ‘உழைப்பாளி’ போன்றவை இப்போது வேண்டாம். ‘வெல்டிங் வைப்பார்’, ‘கணக்கு எழுதுவார்’, ‘கவாத்து வெட்டுவார்’ என்ற அளவில் இருந்தால் போதும்.

இந்தப் பட்டியலை அவரிடமே கேட்டால் கிடைக்காது. நம்மவர்களிடம் “உங்களுக்கு என்ன என்ன தெரியும்?” என்று கேட்டால் “எனக்கு என்ன தெரியும், ஏதோ செய்கிறேன்” என்பதுதான் பதில். கூட வேலை பார்த்தவர்களையும் வீட்டாரையும் கேளுங்கள். கேள்வியும் வேறாக இருக்க வேண்டும். எது பழுதானால் முதலில் அவரைத் தேடுவீர்கள்? அவரிடம் யார் யார் தொழில் கற்றுக்கொண்டார்கள்? எந்த வேலைக்குக் கூலி வாங்குவார், எதற்கு வாங்க மாட்டார்? இந்த மூன்றாவது கேள்வியில் பல சமயம் புதையல் கிடைக்கும். கூலி வாங்காமல் செய்யும் வேலை பதவிப் பெயருக்குள் ஒருபோதும் வராது.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெறும் ஒருவரை வைத்துக்கொள்வோம். சம்பளப் பட்டியலில் அவர் ஃபிட்டர். ஆனால் கூட இருப்பவர்கள் சொல்வது இது: இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் உருளைகள் ஓடும் சத்தம் கொஞ்சம் மாறினாலே பல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். வெட்டிய இலை பரப்பில் கிடந்து பச்சை நிறம் போய்ச் செம்பு நிறத்துக்கு வரும் நேரத்தில், ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து, உலர்த்திக்கு அனுப்பலாமா இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று சொல்வார். அது தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கரின் வேலை; ஆனாலும் டீமேக்கரே அவர் முகத்தைப் பார்ப்பார். இரவில் உலர்த்தி நின்றுபோனால் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். படுகர்களின் மொழியான படுகு பேசுவார். மாரியம்மன் திருவிழாவுக்குத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு விளக்குத் தொடர் கட்டுவார், அதற்குக் கூலி கிடையாது.

இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் சொல்லைத் தேட வேண்டும்.

பட்டியல் எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே வேலையின் பெயருக்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கும். நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்களின் பூத்தையலைத் ‘தையல்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் முடிந்துபோகிறது. வெள்ளைத் துணியில் வரைபடம் எதுவும் போட்டுக்கொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் நூலை ஓட்டுகிறார்கள். ஒரு இழை தப்பினால் கோலம் நகர்ந்துவிடும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. எண்ணும் கணக்கு, மனத்தில் நிற்கும் வடிவம், கை நிதானம் ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

இரண்டாம் படி: எந்தப் ‘பல’ என்று பிரியுங்கள்

தமிழில் இதற்கான சொற்கள் ஏராளம். ஆனால் அவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. பல கலை, பல கல்வித்துறை, பல மொழி, பல கைத்தொழில், ஒரே நேரத்தில் பல கவனம் ஆகிய ஐந்தும் வெவ்வேறு. உங்கள் தாளில் உள்ள வினைகள் எந்தப் பக்கம் அதிகம் சாய்கின்றன என்று பாருங்கள். இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாகவே போவோம், தவறு நடப்பது இங்கேதான்.

சகலகலா வல்லவர். எல்லாக் கலைகளிலும் வல்லவர் என்பது நேர்ப்பொருள். கலைகள் அறுபத்து நான்கு என்பது பழைய மரபுக் கணக்கு. பட்டியலுக்குப் பட்டியல் சிறு வேறுபாடுகள் உண்டு. வாத்ஸ்யாயனர் தரும் பட்டியலில் பாட்டும் ஆட்டமும் மட்டுமல்ல, தச்சு வேலை, கட்டடக் கலை, மரம் வளர்ப்பது, கிளிக்கும் மைனாவுக்கும் பேசக் கற்றுக்கொடுப்பது வரை இருக்கிறது. எனவே தச்சரைக் கலைஞர் பக்கம் சேர்ப்பதில் மரபுக்கு எந்தத் தடையும் இல்லை. பிற்காலத்தில் நாம்தான் மேடைக் கலைகளை மட்டும் கலை என்று வைத்துக்கொண்டோம். ஆனால் இன்றைய வழக்கில் இந்தச் சொல்லுக்கு விளையாட்டுத்தொனி வந்துவிட்டது. நண்பர்கள் கூடும் விழாவில் சிரித்துக்கொண்டே சொல்லலாம். நினைவு மலரில் வேண்டாம். பெண்பாலாக்கிச் ‘சகலகலாவல்லி’ என்று எழுதும்போது அது கலைமகளின் பெயர் என்பது நினைவிருக்கட்டும். குமரகுருபரர் பாடிய மாலையால் அந்தப் பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. பள்ளி ஆண்டுவிழாவில் ஓர் ஆசிரியையை அப்படி வாழ்த்தினால் அழகு. அலுவலகக் குறிப்பில் எழுதினால் கேலியோ என்று சந்தேகம் வரும்.

வித்தகர், விற்பன்னர். இரண்டும் ஆழமான தேர்ச்சியைச் சொல்பவை. ‘பல்கலை வித்தகர்’ என்றால் இரண்டு மூன்று கலைகளிலாவது மற்றவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் அளவு தேர்ந்தவர் என்று பொருள்படும். ‘முத்தமிழ் வித்தகர்’ என்பதை மட்டும் பொத்தி வைத்திருங்கள். இயல், இசை, நாடகம் மூன்றிலும் நிற்பவருக்கு உரியது அது. அந்தப் பட்டத்தைக் கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வருபவர் சுவாமி விபுலானந்தர். அறிவியல் படித்துவிட்டுப் பழந்தமிழரின் யாழை ஆராயப் புகுந்தவர். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய கவுன்சிலருக்கு அதைத் தூக்கிக் கொடுத்தால் பட்டத்துக்கும் நல்லதில்லை, கவுன்சிலருக்கும் நல்லதில்லை.

பல்துறை அறிஞர். ஆங்கிலத்தில் பாலிமாத் என்று படித்துவிட்டுத் தமிழில் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. படிப்பும் ஆராய்ச்சியும் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் இருக்க வேண்டும். இதை அளந்து பார்க்க நம் மலைக்கு வந்துபோன இரண்டு பேரை எடுத்துக்கொள்ளலாம். 1901–02இல் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் படிப்பால் மருத்துவர், கேம்பிரிட்ஜில் சோதனைமுறை உளவியலைக் கற்பித்தவர், பிறகு மானிடவியலில் பேர்போனவர். முதல் உலகப்போரில் மனம் உடைந்து திரும்பிய அதிகாரிகளுக்கு மருத்துவம் பார்த்தார். துறைகள் உண்மையிலேயே வேறு வேறு, சொல் பொருந்துகிறது. 1848இல் வந்து ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய டபிள்யூ. ஜி. மெக்ஐவரையும் பாருங்கள். பூங்கா அமைத்தார், பிறகு பட்டையிலிருந்து கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டார், பட்டை உரித்த மரத்தைப் பாசியால் மூடி மறுபடியும் பட்டை வளரச் செய்யும் முறையைக் கண்டார். செய்தவை பல, துறை ஒன்றுதான். அவரைத் ‘தோட்டக்கலை வல்லுநர்’ என்றால் எந்தக் குறையும் இல்லை. பல வேலை செய்தவரெல்லாம் பல்துறையினர் அல்லர். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி மடல்கள் சரியாகிவிடும்.

‘மறுமலர்ச்சி மனிதர்’ என்று ஆங்கில வழக்கை அப்படியே பெயர்த்து எழுதுகிறவர்களையும் பார்க்கிறேன். லியோனார்டோ டா வின்சியின் காலத்தை நினைத்து அங்கே அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் மறுமலர்ச்சி என்றதும் வாசகருக்கு வேறு வரலாறு நினைவுக்கு வரும், ஆகவே இதைத் தொட வேண்டாம்.

பன்மொழிப் புலவர். கா. அப்பாத்துரை போன்றவர்களின் பெயரோடு ஒட்டிவிட்ட பட்டம். பல மொழிகளின் இலக்கியத்தில் புலமை என்பது பொருள். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் கூடலூரில் மளிகைக்கடை வைத்திருப்பவர் காலையில் மலையாளத்திலும் மதியம் கன்னடத்திலும் பேரம் பேசுவார், வீட்டில் தமிழ். அவரைப் புலவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். “தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் சரளமாகப் பேசுவார்” என்று மொழிகளின் பெயரையே சொல்லிவிடுங்கள். பெயர்கள் எந்தப் பட்டத்தையும்விடக் கனமானவை.

அஷ்டாவதானி, தசாவதானி, சதாவதானி. அதிகம் தவறாகப் பயன்படும் சொற்கள் இவைதாம். அவதானம் என்றால் கவனம். தமிழில் கவனகம் என்பார்கள். எண்கவனகர், பதின்கவனகர், நூற்றுக்கவனகர். சபையில் பலர் சூழ்ந்திருந்து, ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் மணியடிப்பார், ஒருவர் முதுகில் பூவோ நெல்லோ எறிவார், இன்னொருவர் சதுரங்கம் ஆடுவார். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் மனத்தில் நிறுத்தி, கடைசியில் எத்தனை மணி, எத்தனை பூ என்று சொல்லி, வெண்பாவையும் முடித்துக்கொடுக்க வேண்டும். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருள்களில் இப்படிக் கவனகம் செய்து சதாவதானி என்று பெயர் பெற்றார். ஆக, இது பல திறமைக்கான பெயர் அல்ல, சிதறாத ஒரே கவனத்துக்கான பெயர்.

வழக்கில் ‘அவர் ஓர் அஷ்டாவதானி’ என்றால் ஒரே சமயத்தில் பல வேலையைப் பார்ப்பவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அளவில் பிழை இல்லை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன் நிற்கிறார். என்ஜினின் ஊதல் காதில், பாதை கண்ணில், பிரேக் ஒரு கையில், கொடி மறு கையில். அவருக்கு இந்தச் சொல் பொருந்தும். ஆனால் நம் ஃபிட்டருக்குப் பொருந்தாது, அவர் ஒவ்வொரு வேலையையும் அதனதன் நேரத்தில்தான் செய்கிறார்.

ஆல்ரவுண்டர். கிரிக்கெட்டிலிருந்து வந்து தமிழாகவே ஆகிவிட்ட சொல். மட்டையும் பந்தும் இரண்டும் தெரிந்தவர். விளையாட்டுச் செய்தியிலும் இளைஞர் மன்ற விழாவிலும் தயங்காமல் எழுதலாம். பெரியவர்களின் மடலில் ஒட்டாது.

கைதேர்ந்தவர், கெட்டிக்காரர், வல்லுநர். கைத்தொழிலுக்கு இந்த வரிசைதான் உகந்தது. ‘கைதேர்ந்த’ என்பதில் ‘கை’ இருப்பதாலேயே கொல்லருக்கும் தச்சருக்கும் இயல்பாக அமைகிறது. ‘பலதொழில் வல்லுநர்’ என்பது கொஞ்சம் அரசாங்க வாடை அடித்தாலும் கௌரவமான சொல். ‘கெட்டிக்காரர்’ புத்தியைப் புகழ்வது; தன்னைவிட இளையவரைச் சொன்னால் இனிக்கும், மூத்தவரைச் சொன்னால் முதுகில் தட்டுவது போல ஆகிவிடும்.

சில சொற்றொடர்கள் பல திறமை போலத் தோன்றி வேறு எதையோ சொல்லும். ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது இருப்பதை வைத்துச் சமாளிக்கும் சாமர்த்தியம். ‘தொட்டதெல்லாம் பொன்’ என்பது அதிர்ஷ்டம். ‘நாலும் தெரிந்தவர்’ என்பது உலக அனுபவம். மூன்றையும் திறமைப் பட்டியலுக்குள் திணிக்காதீர்கள்.

மூன்றாம் படி: குத்தும் சொற்களை வடிகட்டுங்கள்

பல வேலை தெரிந்தவர்மீது நம் மொழிக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்கிறது பழமொழி. எதிலும் ஆழம் போகாதவர் நுனிப்புல் மேய்பவர். எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்பவர் எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். ‘ஜகஜ்ஜாலக் கில்லாடி’ என்பதில் பாதி வியப்பு, பாதி எச்சரிக்கை. இவற்றை யாரும் பாராட்டு மடலில் எழுத மாட்டார்கள் என்று நினைக்கலாம். மேடையில் உணர்ச்சிவசப்பட்டு “எங்கள் ஏகாம்பரம்” என்று முழங்கியவர்கள் உண்டு.

இவற்றைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது: எடுபிடி. மேலாளர் தோட்டமும் பார்த்து, கணக்கும் பார்த்து, கிளப்பில் பாட்டும் பாடினால் அவர் பன்முக ஆளுமை. அதே தோட்டத்தில் ஒரு தொழிலாளி பம்பு ஓட்டி, பைப் ஒட்டி, பிணம் தூக்கும் வீட்டில் பந்தல் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆற்றைக் கடத்திவிட்டால் அவர் ‘நம்ம எடுபிடி’. எண்ணிப் பார்த்தால் இரண்டாமவருக்குத் தெரிந்த வேலைகள்தாம் அதிகம். சொல் கொடுப்பதில் நாம் இரண்டு தராசு வைத்திருக்கிறோம். ‘எல்லா வேலையும் செய்வார்’ என்ற தொடரும் இந்த ஏழைத் தராசைச் சேர்ந்ததுதான். அது திறமையைச் சொல்லவில்லை, எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டார் என்பதைச் சொல்கிறது. அதைப் போடச் சொல்லி வரும் தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: “எல்லா வேலையும் என்றால் எந்த வேலை, தம்பி? முதல் ஐந்தைச் சொல்லுங்கள்.” சொல்லத் தொடங்கினால் நிற்க மாட்டார்கள்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். கொழுந்து பறிக்கவும் கவாத்து வெட்டவும் தெரிந்து, மாடு வளர்த்து, மகளிர் குழுவின் வரவுசெலவை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி, அக்கம்பக்கத்துப் பிரசவத்துக்கும் துணை நின்றவர் காலமானால் அஞ்சலியில் வருவது ‘சிறந்த குடும்பத் தலைவி’. அந்த ஒரு தொடரை எடுத்துவிட்டு மேலே சொன்ன வினைகளை அப்படியே வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சமூகத்தையே இப்படி எழுதும் பழக்கமும் உண்டு. நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான கோத்தர்களைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும்: இரும்பு வேலை, தச்சு, வெள்ளி வேலை, பெண்கள் கையில் மண்பாண்டம், சடங்குகளில் கொல் என்னும் குழலும் முழவுகளும். தோடரும் படுகரும் கருவிக்கும் இசைக்கும் ஒரு காலத்தில் அவர்களையே நம்பியிருந்தார்கள். இவ்வளவும் உண்மை. அதற்காக ஒரு கோத்த இளைஞரை மேடையில் அறிமுகப்படுத்தும்போது ‘பிறவியிலேயே கைவினைஞர்’ என்று சொல்லிவிடக் கூடாது. அவர் வங்கியில் கணக்கராக இருக்கலாம். கொல் வாசிப்பாரா, உலையில் நின்றிருக்கிறாரா என்று அவரைக் கேட்டு, அவர் கற்றதை மட்டும் எழுதுங்கள்.

நான்காம் படி: ஒன்றை முன்னே நிறுத்துங்கள்

பட்டியலில் பத்து இருந்தால் பத்தையும் ஒரே எடையில் எழுதுவது மடலைக் கொன்றுவிடும். எதில் அவர் மற்ற யாரையும்விட மேலோ அதை முதலில் வையுங்கள். அதில் கண்ணால் பார்த்த ஒரு காட்சி வேண்டும். அடுத்த இரண்டு மூன்றைச் சுருக்கமாக. மீதியை ஒரே வாக்கியத்தில் கோத்துவிடலாம். பட்டம் வேண்டுமென்றால் கடைசியில், ஒன்றே ஒன்று.

வழக்கமாக வரும் மடல் இப்படி இருக்கும்:

“பன்முகத் திறமையாளரும், சகலகலா வல்லவரும், அயராத உழைப்பாளியும், அனைவராலும் நேசிக்கப்பட்டவருமான தங்களின் பணி ஓய்வு எங்களுக்குப் பேரிழப்பாகும்.”

நம் ஃபிட்டரின் பட்டியலை வைத்து எழுதினால்:

“பதவியில் நீங்கள் ஃபிட்டர். உருளை ஓடும் சத்தத்திலேயே பல் மழுங்கியதை அறிந்துவிடும் உங்கள் காதை நம்பித்தான் எங்கள் இயந்திரங்கள் ஓடின. இலையின் பதம் பார்க்க டீமேக்கரும் உங்கள் முகத்தைப் பார்த்ததுண்டு. நள்ளிரவில் உலர்த்தி நின்றால் நீங்களே ஜீப் ஓட்டி வந்து, நீங்களே வெல்டிங் வைத்து, விடிவதற்குள் ஓடவிட்டுப் போவீர்கள். மாரியம்மன் திருவிழாவில் எங்கள் லயனுக்கு வெளிச்சம் கட்டியதும் உங்கள் கைதான். பல தொழில் கைதேர்ந்த உங்களுக்கு எங்கள் வணக்கம்.”

இரண்டாவதில் புகழ்ச்சிச் சொல் மிகக் குறைவு. வாசிக்கும்போது அரங்கில் தலைகள் ஆடுவது இரண்டாவதற்குத்தான்.

ஐந்தாம் படி: இடத்துக்கு ஏற்பச் சுருக்குங்கள்

வேலை விண்ணப்பத்தில் பட்டமே கூடாது. ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்ற குறள் வேலைக்கு ஆள் எடுப்பவரின் மனத்தை அப்படியே சொல்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியது எந்த வேலையை எதைக்கொண்டு முடிப்பீர்கள் என்பது. ஊட்டியில் தங்கும் விடுதி ஒன்றுக்கு விண்ணப்பிப்பவர் ‘பல திறன் கொண்டவன்’ என்று எழுதுவதைவிட இப்படி எழுதலாம்: “மலைப்பாதையில் வாகனம் ஓட்டுவேன், உரிமம் உண்டு. இருபது பேருக்குச் சைவ, அசைவச் சமையல் செய்வேன். சுடுநீர்க் கருவி, குழாய், மின்விசிறி ஆகியவற்றின் சிறு பழுதுகளைச் சரிசெய்வேன். தமிழ், படுகு, மலையாளம் பேசுவேன்.” விடுதிக்கு எது முதலில் தேவையோ அது முதலில் வரட்டும். உண்மையாகத் தெரியாததைச் சேர்க்க வேண்டாம். முதல் சனிக்கிழமை விருந்தினர் கூட்டத்திலேயே தெரிந்துவிடும்.

மேடை அறிமுகம் என்றால் மூன்று திறமைக்கு மேல் காதில் நிற்காது. அஞ்சலியில் காலத்தைப் பாருங்கள்: ‘வல்லவராக இருந்தார்’ என்பதைவிட ‘எங்களுக்குக் கற்றுத்தந்தார்’ நன்றாக நிற்கும். பதாகையில் முகத்துக்குப் போக எஞ்சும் இடம் ஒரு வரிதான், அதில் பட்டத்தைப் போடாமல் தொழில்களின் பெயரைப் போடுங்கள்: ‘ஓட்டுநர், மேளக் கலைஞர், தேயிலை விவசாயி’.

ஆறாம் படி: எழுத்துப் பிழையைப் பாருங்கள்

பல் என்பது ம, ந ஆகியவற்றுக்கு முன் ‘பன்’ ஆகும்: பன்முகம், பன்மொழி, பன்னாடு. க, ச, த, வ ஆகியவற்றுக்கு முன் இன்றைய வழக்கில் மாறாமல் நிற்கும்: பல்கலை, பல்சுவை, பல்துறை, பல்வகை. பழைய பஃறுளி (பல் + துளி) ஆற்றின் பெயரில் நடந்த புணர்ச்சியை இப்போது யாரும் கேட்பதில்லை. எனவே ‘பன்துறை’, ‘பன்திறன்’, ‘பல்முகம்’ மூன்றும் தவறு. ‘பன்முகத் திறமை’, ‘பல்துறைப் புலமை’ ஆகியவற்றில் ஒற்று மிகும். ‘பல்துறை அறிஞர்’ என்பதில் மிகாது. வல்லுநர், ஓட்டுநர், இயக்குநர் எல்லாவற்றிலும் தந்நகரமான ‘ந’தான், ‘வல்லுனர்’ என்று அச்சடித்த பதாகைகள் ஊரெங்கும் தொங்குவதால் அது சரியாகிவிடாது. ‘வல்லவர்’, ‘வித்தகர்’, ‘வல்லுநர்’ இருபாலுக்கும் பொது. பெண்ணுக்கு ‘வித்தகி’ என்று புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

கடைசிப் படி: அச்சுக்கு முன் அவர் வீட்டில் காட்டுங்கள்

இதைப் பலரும் தவிர்க்கிறார்கள், ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். ஆனால் சில திறமைகளை உரியவரே வெளியே சொல்ல விரும்ப மாட்டார். மேளம், முடிதிருத்தம், தோல் வேலை போன்றவற்றைத் திறமையாகச் செய்தவர்களை ஊர் அந்த வேலையை வைத்தே தள்ளி நிறுத்தியிருக்கிறது. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன வீட்டில் அந்த வரி எப்படி விழும் என்பது வெளியிலிருப்பவருக்குத் தெரியாது. வேறு சில வீடுகளில் நேர்மாறாக, “அப்பாவின் மேளத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று கேட்பார்கள். இரண்டுமே நியாயம்தான், முடிவு அவர்களுடையது. எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து, எதை எடுக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். தலைப்பெழுத்தையும் ஊர்ப்பெயரையும் அப்போதே சரிபார்த்துக்கொண்டால் அச்சகத்துக்கு இன்னொரு முறை ஏறி இறங்க வேண்டியிருக்காது.